செல்லக்கனியைப் பங்கு போட்டுக்கொண்ட கிருபாபாய் டீச்சர்

தலைமை ஏற்றிருக்கும் இல்லத்து நிர்வாகி ராஜரத்தினம் ஐயா அவர்களே, டீச்சரின் அண்ணன் பொன்னுராஜ் அவர்களே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் என் கும்பிடு. நான் வெள்ளத்தாய். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிறவள். மூணாம் கிளாஸோடு நின்றவள்.

எல்லாரும் கிருபாபாய் டீச்சரைத் தெய்வம் என்றீர்கள். எனக்கு அப்படிப் பேச வரவில்லை. எனக்கு அவிய மேல் பொறாமை. இன்றைக்கும் பொறாமைதான்!

எண்பத்தி நாலில் டீச்சர், நர்சரியில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் இந்த இல்லத்துக்கு வந்தார்கள். கை கால் வராத பிள்ளைகளுக்கு மண்ணு வேலையே வைத்தியம் என்றார்கள். யார் நம்பினோம்? ரிஜிஸ்டரில் தோட்டக்காரி என்றுதான் எழுதினார்கள். ஒன்பது வருஷம் தோட்டக்காரி! பயிற்சி டீச்சர் என்று ஆர்டர் வந்தது தொண்ணூத்தி மூணில். அதற்குள் எத்தனை பிள்ளைக்குக் கை வந்துவிட்டது!

என் மகள் செல்லக்கனிக்குப் பதினாலு வயசு வரைக்கும் விரல் மடங்காது. நான்தான் ஊட்டுவேன். டீச்சர் களைக்கொத்தின் பிடியில் துணியைச் சுத்திச் சுத்திப் பருமனாக்கி அவள் கையில் கொடுத்தார்கள். தறியில் மிஞ்சிய துணி, நான் கொண்டுபோனது. துணி என்னுது, பேரு அவியளுக்கு! எட்டு மாசம் வெண்டைப் பாத்தியைக் கொத்தினாள். ஒருநாள் சோத்தை அவளே அள்ளித் தின்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது. பதினாலு வருஷம் ஊட்டின கைக்கு இனி என்ன வேலை?

மறுநாளிலிருந்து அனுப்பவில்லை. காய்ச்சல் என்று பொய் சொன்னேன். பதினோரு நாள் நானே ஊட்டப் பார்த்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் டீச்சர் பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டார்கள். சோத்துத் தட்டு என் கையில்.

"காய்ச்சல் யாருக்குக்கா, உங்களுக்கா?"

"ஆமா, எனக்குத்தான். எம் பிள்ளையப் புடுங்கிக்கிட்டீகள்ல!"

"நல்லாருக்கே! பகலெல்லாம் நான் கூடக் கிடக்கேன். சாயங்காலம் உங்க செருப்புச் சத்தம் கேட்டா, களைக்கொத்த என் கால்ல போட்டுட்டு வாசலுக்குப் போயிருதா. எனக்கு மட்டும் எரியாதா?"

செத்த நேரம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைத்தோம். அந்த நேரம் பார்த்துச் செல்லக்கனி என் தட்டில் கைவிட்டு அள்ளித் தின்றாள். பொறவு எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் நானே கொண்டுவந்து விட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மஞ்சள்காமாலை டீச்சரைக் கொண்டுபோய்விட்டது.

ராஜரத்தினம் ஐயா, தோட்டத்துக்கு ஆள் இல்லை என்றீர்கள். தறியில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன், நான் வாரேன். தோட்டக்காரி என்றே எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கொத்தத் திணறும்போது நான் பிடுங்கிக் கொத்திவிடக் கூடாது. எனக்கு அதுதான் கஷ்டம். என் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இது இந்தச் சபைக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

நேற்று செல்லக்கனிக்கு டீச்சர் போன விஷயத்தைச் சொன்னேன். அணைக்கப் போன என்னைத் தள்ளிவிட்டு, டீச்சர் டீச்சர் என்று அழுதாள். நான் செத்தால் எனக்கு இம்புட்டு அழுவாளா? தெரியவில்லை. தேற்றாமல் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். அழட்டும் தாய்மார்களே. அந்த அழுகை அம்புட்டும் அவியளுக்கே சேரட்டும்.