ரெண்டு கல்லறை ஞானாபரணம்

– அது எப்படீங்க சம்பந்தி, உங்க வம்ச மரத்துக்கும் வேரு ஞானாபரணம், எங்க மரத்துக்கும் வேரு ஞானாபரணம்?

– அந்தப் பேருல கோயமுத்தூர்ல நெம்பப் பேரு இருந்திருப்பாங்க, கிளாடிஸ் அம்மா. எங்க ரெபேக்காவோட கொள்ளுத்தாத்தா துடியலூர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். கோட்டு போட்டவர். உங்க ஷெர்வினோட கொள்ளுத்தாத்தா வந்து...

– மில்லுல பஞ்சு அடிச்சவரு. சும்மா சொல்லுங்க ஜெபராணி டீச்சர். பஞ்சு இல்லாம கோட்டு வருமுங்களா?

– நான் குறைவாச் சொல்லலீங்க. ஸ்தோத்திரம். ரெண்டும் வேற வேற ஆளுன்னு தெளிவாயிருச்சுன்னா, நிச்சயத்துக்கு வம்ச மரத்தைப் பிளக்ஸ் அடிக்கக் குடுத்துப்போடுவேன். பதினாறுக்கு எட்டு அடி. வர்ற ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்குது. அதுக்குத்தானே மழையிலயும் உங்க மாதா கோயில் ஆபீஸ் வரைக்கும் வந்தேன். ஏனுங்க தம்பி, உங்க பேரென்ன சொன்னீங்க?

– கருப்புசாமிங்க.

– கருப்புசாமியா? கோயில் ஆபீஸ்லயா?

– முப்பது வருசமாச்சுங்க. ரெஜிஸ்டரைக் கரையான் தின்னா, அது எந்த மதத்துக் கரையான்னு ஃபாதர் கேக்கறதில்லீங்க.

– இவரை அப்படி எடை போடாதீங்க டீச்சர். பழைய கையெழுத்து ஃபாதருக்கே வெளங்காது. இவரு தலைகீழாப் புடிச்சாலும் படிச்சுப்போடுவாரு.

– நேராவே புடிக்கட்டுமுங்க. தம்பி, ஞானஸ்நான ரெஜிஸ்டரை எடுங்க. ஃபேனைச் சித்தக் குறைங்க, தாளு பறக்குது. ஜன்னலையும் சாத்திப்போடுங்க.

– இந்தாங்க, கெடச்சிருச்சு. ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி நாலு, பிப்ரவரி ரெண்டு. ஞானாபரணம். தகப்பன் சூசை, தாய் அன்னம்மாள்.

– இவருதானுங்க எங்காளு! சூசை மகன். எங்க மாமனாரு சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கேன். பாத்தீங்களா டீச்சர்? டீச்சர்... மூஞ்சி ஏனுங்க இப்படி வெளுத்துப்போச்சு?

– எங்க சர்ச்சுக் கல்யாண ரெஜிஸ்டரை என்ர போன்ல போட்டோ புடிச்சு வெச்சிருக்கேனுங்க. நீங்களே பாருங்க. 'மணமகன் ஞானாபரணம். தகப்பன் சூசை. ஞானஸ்நானம் பெற்றது கோயமுத்தூரில், 1904 பிப்ரவரி 2.'

– மாதாவே!

– ஸ்தோத்திரம்!

– ஒரே ஆளுங்களா?

– பொறுங்க, பொறுங்க. பதறக்கூடாது. தம்பி, இந்த ஞானாபரணத்துக்கு இங்க கல்யாணம் ஆயிருக்குதான்னு பாருங்க.

– ஆயிருக்குதுங்க. இருவத்தாறு, மே மாசம். பொண்ணு பேரு சவுரியம்மாள்.

– எங்களுது முப்பத்தியொண்ணு, சனவரி. பொண்ணு ஹன்னா பாக்கியம். மணமகன்... பிரம்மச்சாரின்னு போட்டிருக்குது.

– பிரம்மச்சாரியா! அப்ப எங்க சவுரியம்மாளுக்கு இடுப்புல ஒண்ணு, தரையில ரெண்டு, டீச்சர்!

– அவரைப் பத்தி அப்படிப் பேசாதீங்க. ஊழியம் செஞ்ச மனுசன்.

– ஊழியந்தான் செஞ்சிருக்காரு. ரெண்டு ஊட்டுல.

– சிரிக்கற விசயமில்லீங்க இது. எனக்கு வேற வெசனம் வந்திருச்சு. உங்க ஊட்டுக்காரருக்கு அப்பாவோட அப்பா அவரு. எங்க ஊட்டுக்காரருக்கும் அப்பாவோட அப்பா. ரெண்டு பக்கமும் ஆம்பளை வழியாவே எறங்கி வருது. அப்படீன்னா ஷெர்வினும் ரெபேக்காவும்...

– சொல்லாதீங்க.

– அண்ணன் தங்கச்சி முறை.

– சொல்லிப்போட்டீங்களே!

– டீச்சருங்க நான். தப்புன்னு தெரிஞ்சா வாய் தானா சொல்லிரும்.

– ஐயோ, இந்தப் பசங்ககிட்ட நான் என்னத்தைச் சொல்லுவேன்? பெருந்துறைல ஒரே கம்பெனி, ரெண்டு வருசமா ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிடறாங்க. எங்க ஷெர்வின் ஒம்பது மணிப் பூசைக்கே எந்திரிக்காதவனுங்க. உங்க புள்ளைக்காக உங்க சர்ச்சுல காலைல ஏழு மணி ஆராதனைக்கு வந்து உக்காந்திருக்கான். அவனை எழுப்பறதுக்கு இத்தனை வருசத்துல எனக்குக் கெடச்ச ஒரே வழி ரெபேக்காதான்.

– எங்க ரெபேக்கா மட்டும் என்னவாம்? ஏழு ஜாதகம்... ஜாதகமில்லீங்க, ஏழு பயோடேட்டா கொண்டாந்தேன். ஏழையும் இஸ்திரி மேசைக்கு முட்டுக்குடுத்து வெச்சுட்டா. உங்க பையனைப் பாத்த அன்னைக்குத்தான் சிரிச்சா. இப்பப் போயி, கண்ணு, அவன் உனக்கு அண்ணன்னு நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டுச் சொல்றது?

– நாம சொல்லாம இருந்துட்டா?

– பிளக்ஸ் காட்டிக்குடுத்துருமே! ரெண்டு மரமும் பக்கத்துல பக்கத்துல நிக்கும்.

– மரமே வேண்டாமுன்னு சொன்னா கேட்டீங்களா?

– அப்ப ஒண்ணு செய்யலாமுங்க, கிளாடிஸ் அம்மா. ஞானாபரணத்தை நீங்களே வெச்சுக்கங்க.

– என்னதுங்க?

– நாங்க விட்டுக்குடுத்தர்றோம். எங்க மரத்தை மாமனாருல இருந்து ஆரம்பிச்சுக்கறோம். அடியில நாலு புல்லு, ஒரு ரோசாப்பூவு போட்டு மறைச்சரலாம்.

– ஐயோ, அது நல்லாவா இருக்கும்? கோட்டு போட்ட மனுசன். நீங்களே வெச்சுக்கங்க டீச்சர். எங்களுக்கு அவங்கப்பன் சூசையே போதுமுங்க.

– சூசைக்கு மகன் வேண்டாமுங்களா? நீங்க மூத்த சம்சாரத்து வம்சம். உரிமை உங்களுதுங்க.

– சித்த முன்னாடிதான் அவரு எங்க வாத்தியார், எங்க வாத்தியார்னு மார்தட்டுனீங்க!

– நீங்க மட்டும், எங்காளு எங்காளுன்னு துள்ளுனீங்களே!

– கல்லறைக்குப் பூப்போடற கடமைக்குத் துள்ளுனேனுங்க. வருசா வருசம் நவம்பர் ரெண்டாந்தேதி நாங்கதான் மாலையும் மெழுகுவத்தியும் கொண்டுட்டுப் போறோம்.

– இருங்க. எந்தக் கல்லறைக்குங்க?

– இங்க, எங்க கல்லறைத் தோட்டத்துல. வேப்பமரத்தடி. வேறெங்க இருக்கும்?

– எங்க வாத்தியார் கல்லறை துடியலூர்ல இருக்குதுங்க. பளிங்குல.

– ஒரு ஆளுக்கு ரெண்டு கல்லறையா?

– தம்பி! சாவு ரெஜிஸ்டர்!

– நீங்க கேப்பீங்கன்னு எடுத்து வெச்சுப்போட்டேனுங்க. ஞானாபரணம், மில் தொழிலாளி. அம்பத்தெட்டு, ஆகஸ்ட் மாசம்.

– எங்காளு எழுவத்தியொண்ணுலதான் காலமானாரு! எங்க ஊட்டுக்காரரு அவரு மடியில உக்காந்து ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லியிருக்காரு. செத்த மனுசன் பதிமூணு வருசம் வாய்ப்பாடு கேக்க முடியுமுங்களா?

– ஒரு தடவை பொறந்து, ரெண்டு தடவை கட்டி, ரெண்டு தடவை செத்திருக்காரு. அப்படீன்னா டீச்சர்... ரெண்டு ஆளு!

– ரெண்டு ஆளேதான்! ஆனா ஞானஸ்நானம் ஒண்ணுதான் இருக்குது. அப்ப ஒருத்தரு அசலு, ஒருத்தரு போலி.

– யாரா இருக்குமுங்க?

– மில்லுக்காரராத்தான் இருக்குமுங்க.

– ஏனுங்க அப்படி?

– வாத்தியாருக்குப் பொய் சொல்ல நேரமேது? பரீட்சைப் பேப்பர் திருத்தோணும்.

– அம்மா, அந்தப் போன்ல கையெழுத்துப் பக்கத்தைச் சித்தப் பெருசாக்கிக் காட்டறீங்களா?

– நீங்க உங்க ரெஜிஸ்டரைப் பாருங்க தம்பி. போனை நான் பாத்துக்கறேன்.

– குடுங்க டீச்சர். கண்ணு அவருக்குத்தான் இருக்குது, நம்ம ரெண்டு பேருக்கும் கண்ணாடிதான் இருக்குது.

– எங்க ரெஜிஸ்டர்ல மில்லுக்காரரு கைநாட்டு வெச்சிருக்காருங்க. உங்க போன்ல முத்து முத்தாக் கையெழுத்து. ஆனா அதுக்கு முன்னால என்னமோ எழுதி அடிச்சிருக்குதுங்க. செ... ன்... னி... ம.

– பேனாவை உதறியிருப்பாங்க.

– உதறுனாப் புள்ளிதானுங்க விழுகும். பேரு விழுகாதுங்க. சென்னிமலைன்னு எழுதப் போயி, பாதியில நெனப்பு வந்து அடிச்சுப்போட்டு ஞானாபரணம்னு போட்டிருக்காரு. கலியாணப் பதட்டமுங்க. அம்மா, கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. உங்க வாத்தியாருக்கு வலது காது எப்படீங்க?

– காதுக்கென்ன? மடல் பாதி இருக்காது. அதனால போட்டோவுல எப்பவும் பக்கவாட்டுலதான் நிப்பாராம். ஊழியத்துக்குப் போற வழியில நாய் கடிச்சதுன்னு எங்க மாமியார் சொல்லுவாங்க.

– நாயில்லீங்க. சேவலுங்க.

– என்னங்க தம்பி சொல்றீங்க?

– பல்லடத்துக்கு அக்கட்டால, எங்கூர்ல சென்னிமலைன்னு ஒருத்தரு இருந்தாருங்க. எட்டாவது பாசு. வாத்தியார் ஆவோணும்னு வெறி. மிஷன் பள்ளிக்கூடத்துல கேக்கப் போனாரு, ஞானஸ்நானச் சீட்டு கொண்டான்னு சொன்னாங்களாமா. இவருகிட்டச் சீட்டு இல்லை, ஒரு சண்டைச் சேவல்தான் இருந்துச்சு. கோயமுத்தூர் மில்லுல இவருக்கொரு கூட்டாளி. அவருகிட்டச் சீட்டு இருந்துச்சு, அதைப் படிக்கத்தான் தெரியாது. ஆனாச் சேவல்னா உசுரு.

– மாத்திக்கிட்டாங்களா!

– மாத்திக்கிட்டாங்க. கைமாத்தறப்பத்தான் சேவல் காதைப் புடுங்கிப்போட்டுது. அதுக்கு மட்டும் சம்மதமில்லை போலிருக்குது. சீட்டோட போனவரு பொறவு ஊருப் பக்கமே திரும்பலீங்க.

– டீச்சர்! எங்க ஞானாபரணம் அசலு, உங்க ஞானாபரணம் சென்னிமலை! ரத்தமே வேற! கல்யாணம் நடக்கும்! மாதாவே, அந்தச் சேவலுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திப்போடறேன்!

– சத்தம் போடாதீங்க சம்பந்தி. 'பொய் சொல்லாதே'ன்னு முப்பது வருசம் தினமும் போர்டுல எழுதிப் போட்ட மனுசனுங்க அவரு.

– பொய்ப் பேருல கையெழுத்துப் போட்டுட்டு வந்து எழுதியிருப்பாரு. அனுபவத்துல சொன்னதுங்க.

– சிரிக்காதீங்கன்னா... ஐயோ, எனக்கும் வருதே! ரெபேக்கா சின்னதுல கோழியைக் கண்டாலே காதைப் பொத்திட்டு ஓடுவா.

– ரத்தத்துலயே இருந்திருக்குது, பாவம்.

– சரி, கண்ணைத் தொடைங்க, தொடைங்க. நமக்குக் கல்யாணம்தானே முக்கியம். இது இந்த ரூமுக்குள்ளயே இருக்கட்டும். சென்னிமலை, சேவலெல்லாம் வெளிய தெரிஞ்சா எங்க சர்ச்சுல நான் தலை நிமிந்து நடக்க முடியாது. தம்பி, நீங்களும் மூச்சு விடக்கூடாது.

– நானெதுக்குங்க வெளிய சொல்றேன்? ஊட்டு விசயமாச்சுங்களே.

– அது யாரு ஊட்டு விசயம்? ஆமா, காது, சேவலு, சீட்டுன்னு கூட இருந்து பாத்த மாதிரி சொல்றீங்களே, உங்களுக்கு எப்படித் தெரியும்?

– என்ர தாத்தனுக்குக் கூடப்பொறந்த தம்பிங்க அவரு. சீட்டு இந்தக் கோயில்துன்னு தெரிஞ்சுதான் நான் இங்க வேலைக்கே சேர்ந்தேன், என்னைக்காச்சும் அவரு வம்சத்துல யாராச்சும் தேடிட்டு வருவாங்கன்னு. வெசனப்படாதீங்க, ரெபேக்கா பக்கம் சொந்தபந்தம், ஒறம்பரையே இல்லைன்னு யாரும் சொல்லப்படாது, ஞாயித்துக்கிழமை பல்லடத்துல இருந்து ரெண்டு பஸ்ஸுல வந்தர்றோமுங்க, அண்ணி.