வலை ஏற்றாத வள்ளம்

எங்கள் புகோம் பேட்டையில் நல்ல கெங்கி வேண்டுமென்றால் காலையிலேயே வந்துவிட வேண்டும், தம்பி. மத்தியானத்துக்கு மேல் கிடைக்கும் சோளமாவு உருண்டை கையில் பிடித்து எறியத்தான் லாயக்கு. மீனையும் மிளகாயையும் தொட்டுச் சாப்பிடுங்கள். நான் பேசிக்கொண்டே இருக்கிறேன். வானொலிக்காகப் பழைய ஆட்களின் நினைவுகளைச் சேகரிப்பதாகச் சொன்னீர்கள். இந்த முற்றத்தில் மிச்சமிருக்கும் பழைய ஆள் நான் ஒருவன்தான்.

இதைச் சுற்றியிருக்கும் அறைகள் எல்லாவற்றிலும் அப்போது குடித்தனம் இருந்தது. எதிரே பூட்டிக் கிடக்கிறதே, அது ஒடோயின் அறை. நானும் அவனும் ஒரே தொட்டியில் குளித்து வளர்ந்தவர்கள். அவன் கடலுக்குப் போனான். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளத்தில் ஏறினாலே குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் கரையிலேயே ஒரு தொழில் கற்றுக்கொண்டேன். வள்ளத்தின் அடிமரத்துக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அதில் பஞ்சைத் திணித்து அடித்து, மேலே சூடாகத் தார் பூச வேண்டும். பார்க்கிறவர்கள் தாரைத்தான் பார்ப்பார்கள். தண்ணீரை நிறுத்துவது பஞ்சு.

செவ்வாய்க்கிழமை எங்கள் கடலுக்கு ஓய்வு நாள். அன்றைக்கு எவனும் வலையோடு இறங்க மாட்டான். எல்லா வள்ளமும் மணலில் கிடப்பதால் எனக்கு அன்றுதான் வேலை. ஒடோய் என் பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைப்பான். ஊர்வம்பு பேசுவோம், ஒரே இலையில் சாப்பிடுவோம். கூடப் பிறந்தவர்கள் பிழைக்கக் குமாசி நகருக்குப் போனார்கள். கட்டியவள் தார் வாடை தாங்கவில்லை என்று தாய்வீடு போனவள், அங்கேயே இருந்துவிட்டாள். அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை இருந்தது.

ஒருநாள் வலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

“குவார்த்தே, தேமாவுல புதுத் துறைமுகம் கட்டியாச்சுடா. பெரிய படகுல வேலை தர்றாங்க. வீடும் உண்டாம்.”

“அப்ப நான்?”

“நீயும் வாயேன். அங்க தார் பூச ஆள் வேணாமா?”

“இரும்புப் படகுக்கு எவன்டா தார் பூசுறான்?”

சிரித்தான். “மூஞ்சிய தொங்கப் போடாத. அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறேன். நான் என்ன கடல் தாண்டியா போறேன்?”

அப்பப்ப. பல நாள் அந்தச் சொல்லையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்.

கோபத்தில் எதுவும் செய்தவன் இல்லை நான். நிதானமாக யோசித்தேன். புதன்கிழமை அவன் அங்கே வேலையில் சேர வேண்டும். சாமான்களைத் தன் சின்ன வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு, கரையை ஒட்டியே பாய் விரித்துப் போவதாக இருந்தான். வழியில் கொஞ்சம் தண்ணீர் ஏறினால் திரும்பி விடுவான், சகுனம் சரியில்லை என்று மனம் மாறிவிடுவான். ஆனால் பக்கத்தில் வேறு வள்ளங்கள் இருந்தால் கயிறு போட்டு இழுத்துத் தேமாவிலேயே சேர்த்துவிடுவார்கள். எங்கள் ஆட்களுக்கு உதவும் புத்தி அதிகம். ஆகவே, செவ்வாய்க்கிழமையே போகச் சொன்னேன்.

“செவ்வாயா? கடலுக்கு ஆகாதேடா.”

“மீன் பிடிச்சாத்தான் ஆகாது. வலையை ஏத்தாத. உரலும் பாயும் ஏத்திட்டுப் போறதுக்குக் கடல் கோவிச்சுக்குமா?”

நான் சொன்னால் அவன் கேட்பான். திங்கட்கிழமை அவன் வள்ளத்தைச் சரிபார்த்துக் கொடுத்தேன். ஒரு முழ நீளத்துக்குப் பஞ்சு வைக்கவில்லை. தார் மட்டும் பூசினேன், வழக்கத்தைவிட அழகாக.

மறுநாள் காலை கரையில் எல்லோரும் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளத்தைத் தள்ளுவதைப் பார்த்ததும் பெரியவர் லார்யா எழுந்து வந்தார்.

“ஏலேய் ஒடோய், கடலே காலை நீட்டிப் படுத்திருக்கிற நாள்டா இது. உனக்கென்ன அவசரம், பொண்டாட்டி துரத்துறாளா?”

“நான் துரத்தல மாமா, உங்க வாய்தான் துரத்துது,” என்றாள் தெதெய், அவன் மனைவி. இடுப்பில் குழந்தை கோர்க்கோய் இருந்தாள்.

தெதெயும் குழந்தையும் லாரியில் போவதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தான். கடைசி நேரத்தில் மாற்றிக்கொண்டார்கள். இதை நீங்கள் கவனிக்க வேண்டும், தம்பி. மாற்றியது அவர்கள்.

தெதெய் ஏறிக்கொண்டு கையை நீட்டினாள். “அண்ணே, பிள்ளையைக் குடுங்க.”

கோர்க்கோயைத் தூக்கிக் கொடுத்தது நான்தான். என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரலை எடுத்துவிட வேண்டியிருந்தது. ‘இறங்குங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் என்று ஒடோய் கேட்டிருப்பான். சொன்ன பிறகு அவன் என்னோடு ஒரு இலையில் உட்கார்ந்து சாப்பிடுவானா? மாட்டான். அதையும் நிதானமாகத்தான் யோசித்தேன். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து நானும் தோள் கொடுத்துத் தள்ளினேன்.

பாய் சாய்ந்ததைக் கரையிலிருந்தே பார்த்தார்கள். கடல் கோபித்துவிட்டது என்று பயந்து, பூசாரியைக் கேட்காமல் இன்னொரு வள்ளம் இறக்க எவனும் துணியவில்லை. அவரைத் தேடிப் பிடித்து, கேட்டு, அவர் கடலுக்கு மது ஊற்றி, சரி என்று சொல்வதற்குள் பொழுது போய்விட்டது. மறுநாள் மூன்று பேரும் பிணமாகக் கரை ஒதுங்கினார்கள். ஒடோய் எங்கள் கரையிலேயே பெரிய நீச்சல்காரன். தனியாக இருந்திருந்தால் நீந்தி வந்திருப்பான். அதை நம்பித்தான் நான் செய்தேன். பிள்ளையை விடாமல் பிடித்திருந்தான். அந்தக் கையைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒருவன் நான்.

செவ்வாய்க்கிழமையை மீறினான், கடல் எடுத்துக்கொண்டது என்று ஊரே பேசியது. இன்றைக்கும் பிள்ளைகளுக்கு அவன் கதையைச் சொல்லித்தான் பயம் காட்டுகிறார்கள். நான் மறுத்துப் பேசியதில்லை. வள்ளத்தின் பலகைகளைப் பொறுக்கி வந்து அடுப்பெரித்தேன்.

ஏன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டீர்கள்? மீன் ஆறிப்போகும். பதிவுப் பெட்டியை அணைக்க வேண்டாம், பாதியில் விட்டால் கேட்பவர்களுக்கு என்மேல் தப்பபிப்பிராயம் வரும்.

தெதெயையும் குழந்தையையும் அவள் பிறந்த வீட்டார் எடுத்துப் போய்த் தங்கள் இடத்தில் அடக்கம் செய்தார்கள். அதுவும் நல்லதாயிற்று. ஒடோய் மட்டும் இங்கே, நம் மயானத்தில், நடந்து போகும் தூரத்தில் இருக்கிறான். வாராவாரம் செவ்வாய்க்கிழமை இரண்டு பேருக்கும் கெங்கி வாங்கிக்கொண்டு போகிறேன். பேசிக்கொண்டிருப்போம். தேமாவுக்குப் போயிருந்தால் அப்பப்பதானே வந்திருப்பான்? இப்போது ஒரு செவ்வாய்கூடத் தவறுவதில்லை.