முகத்துக்கு மாத்திரை

இல்லம்மா, அது பயத்துல வர்ற நடுக்கம் இல்ல. பயத்துல வந்தா ரெண்டு கையும் ஆடும். உங்க வீட்டுக்காரரை ரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போனாங்களே, அதுவரைக்கும் நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன். வலது கை மட்டும்தான். அதுவும் மடியில சும்மா கெடக்கறப்பதான். பாட்டிலை எடுத்துத் தண்ணி குடிச்சாரு பாருங்க, அப்ப ஆடவே இல்ல. வேலை செய்யறப்ப அடங்கிடும், ஓய்வா இருந்தா ஆடும். எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. நான் டாக்டர் இல்லீங்க, எதுக்கும் டாக்டர் வாயாலயே கேட்டுக்கங்க. ஆனா இந்த பெஞ்சுல வந்து வந்து உக்காந்தா நீங்களும் என்னை மாதிரி வைத்தியம் பேச ஆரம்பிச்சுடுவீங்க.

எங்காளு உள்ள இருக்காரு. அந்த மூடின கதவுதான். நடக்கச் சொல்லுவாங்க, திரும்பச் சொல்லுவாங்க, விரலைத் தட்டிக் காட்டச் சொல்லுவாங்க, நேரமாகும். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. இதுக்கு நல்ல மாத்திரை இருக்கு. சுத்தமா சரியாகாது, ஆனா படுத்தவரை எழுப்பி நடக்க விட்டுடும். அவ்வளவு நல்ல மாத்திரைன்னா நீங்க ஏன் மறுபடி வந்து உக்காந்திருக்கீங்கன்னுதான கேக்க வர்றீங்க? கேளுங்க, தப்பில்ல. சொல்றேன்.

அவரு போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்காரு. ஊர்ல பாதிப் பேரோட அடையாள அட்டையில இருக்கற மூஞ்சி அவரு எடுத்ததுதான். நாள் முழுக்க அடுத்தவங்களைப் பாத்து, கொஞ்சம் சிரிங்க, பல்லு தெரிய வேணாம், லேசா சிரிச்சாப் போதும்னு சொல்ற பொழப்பு. வீட்டுக்குள்ள வந்தா மட்டும் மூஞ்சியக் கழட்டி ஸ்டூடியோவிலயே மாட்டிட்டு வந்த மாதிரி இருப்பாரு. அடிக்க மாட்டாரு, குடிக்க மாட்டாரு, ஒரு வார்த்தை திட்டினதில்ல. அதனால யார்கிட்டயும் போய்க் குறை சொல்லவும் முடியாது. என்கிட்ட முகம் குடுத்துப் பேசினதில்ல, அவ்வளவுதான். இதை யார்கிட்ட சொல்லி அழறது? எங்க அம்மாகிட்ட ஒரு தடவை சொன்னேன். ஒழுங்கா சம்பாதிச்சுப் போடறாரில்ல, வேற என்னடி வேணும் உனக்குன்னு கேட்டாங்க. எனக்கே அப்புறம் சொல்லத் தெரியல.

அப்புறம் என்னாச்சுன்னா, ஸ்டூடியோவுக்கு வர்றவங்களும் அந்த மூஞ்சியப் பாக்க ஆரம்பிச்சாங்க. குழந்தைங்க அவரைப் பாத்தாலே அழுவுதுங்க. இவரு கேமராவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு சிரிடா கண்ணாங்கறாரு, மூஞ்சி இழவு வீட்டுல நிக்கற மாதிரி இருக்கு. எது சிரிக்கும்? உம்மணாமூஞ்சி ஸ்டூடியோன்னு தெருவே பேரு வச்சிடுச்சு. நான் மனசுக்குள்ள, இப்பவாவது உங்களுக்குத் தெரிஞ்சுதேன்னு நெனச்சுக்கிட்டேன்.

தோள் வலிக்குதுன்னாரு. எலும்பு டாக்டர் தோள் பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லி, சுவத்துல விரலை ஏத்தி ஏத்தி எறக்கச் சொன்னாரு. அதையும் மாசக்கணக்குல பண்ணினாரு. ஒரு நாள் அடுப்புல பால் தீஞ்சு வீடே நாறுது, பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கறாரு. வேணும்னே பண்றாருன்னு நான் பாத்திரத்தை ணங்குன்னு வச்சேன். மூக்குல வாசனை பிடிக்கறது போயிடுச்சுன்னு யாருக்குத் தெரியும்? அதுவும் இந்த வியாதியோட வேலைதானாம். நடந்தா ஒரு கை வீசும், இன்னொண்ணு உடம்போட ஒட்டிக்கிட்டே வரும். செருப்பு தரையில தேயும். குரல் வேற உள்ள போயிடுச்சு. கை ஆடுதுப்பான்னு மக சொன்னா, உடனே கேமராவைத் தூக்கிக் காட்டுவாரு. தூக்கினா ஆடாதில்ல! எங்க ஆடுது, காட்டுங்கறாரு. கடைசியில அவதான் கையைப் பிடிச்சு இழுக்காத குறையா இங்க கூட்டிட்டு வந்தா.

டாக்டர் எல்லாம் பாத்துட்டு, மூளையில ஊற வேண்டியது ஒண்ணு ஊறாமக் குறைஞ்சு போச்சு, காலம் முழுக்க மாத்திரை போடணும்னாரு. மக விசும்பறா. அப்ப டாக்டர் என்னைப் பாத்துச் சொன்னாரு. அம்மா, இவரு மூஞ்சி இப்படி இருக்கறது கோபம் இல்ல, மூஞ்சித் தசை இறுகிப் போச்சு, உள்ள சந்தோஷம் இருந்தாலும் வெளிய காட்ட முடியாது, வீட்ல இருக்கறவங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. சொல்லிட்டு, எவ்வளவு நாளா மூஞ்சி இப்படி இருக்குன்னு கேட்டாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்துன்னேன். டாக்டர் சிரிச்சுட்டாரு. நர்ஸும் சிரிச்சா. நான் சிரிக்கறதுக்காகச் சொல்லலம்மா.

அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கே, வெளிய சொன்னா காறித் துப்புவாங்க. புருஷனுக்குத் தீராத வியாதிங்கறாங்க, நான் சமையல்கட்டுல நின்னு பாட்டுப் பாடறேன். ஏன்னா டாக்டர் இன்னொண்ணும் சொல்லியிருந்தாரு, கை ஆடறதுக்குப் பல வருஷம் முன்னாடியே இது உள்ள ஆரம்பிச்சிருக்கும்னு. பல வருஷம்னா எவ்வளவுன்னு கேட்டேன். பத்து வருஷம்கூட இருக்கலாம்னாரு. நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இருபத்தஞ்சு ஆக்கிக்கிட்டேன். மக பொறந்தப்ப வந்து குழந்தையை மட்டும் பாத்துட்டு என் பக்கம் திரும்பாமலே போனாரே, அது நரம்பு. எங்க அப்பா போனப்ப நான் அவரு தோள்ல சாயப் போக, நகந்து நின்னாரே, அதுவும் நரம்பு. ஆசையா புதுத்துணி கட்டிக்கிட்டு எதிர்ல போய் நின்னா, கொஞ்சம் தள்ளு, டிவி மறைக்குதுன்னாரே, பாவம், நரம்பு. எல்லாத்தையும் தூக்கி நரம்பு மேல போட்டுட்டு, இந்த மனுஷனைப் போய் இத்தனை நாள் தப்பா நெனச்சுட்டோமேன்னு அழுதேன் பாருங்க. அப்படி ஒரு அழுகை என் கல்யாண வாழ்க்கையிலயே அழுததில்ல.

இருங்கம்மா, நர்ஸ் என்னமோ கேக்கறா. என்னம்மா? ஆமாமா, வேளா வேளைக்கு நான்தான் குடுக்கறேன். ஒரு வேளைகூடத் தவறினதில்ல. டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிடு.

எங்க விட்டேன்? ஆங், மாத்திரை. மொதல்ல கை வீச ஆரம்பிச்சுது. அப்புறம் நடை. அப்புறம் குரல், அடுத்த ரூமுக்குக் கேக்கற மாதிரி. கடைசியா மூஞ்சி. நான் சாப்பாடு எடுத்துக்கிட்டு ஸ்டூடியோவுக்குப் போறேன், ஒரு கைக்குழந்தையை ஸ்டூல்ல உக்கார வச்சு அவங்க அம்மா பிடிச்சுக்கிட்டிருக்கா. இவரு கேமராவுக்குப் பின்னாலேர்ந்து எட்டிப் பாக்கறாரு, ஒளியறாரு, எட்டிப் பாக்கறாரு. குழந்தை கெக்கெக்கேன்னு சிரிக்குது. இவரும் சிரிக்கறாரு. கன்னம் ஏறி, கண்ணு சுருங்கி, மூஞ்சி முழுக்கச் சிரிப்பு. அவரு சிரிச்சா கண்ணோரத்துல அப்படிச் சுருக்கம் விழும்னே எனக்குத் தெரியாதும்மா. வாசல்லயே நின்னுட்டேன். இனிமே நம்ம முறைதான்னு தோணுச்சு. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு உள்ள போனேன். திரும்பிப் பாத்தாரு. வெளக்கை அணைச்ச மாதிரி போயிடுச்சு.

மாத்திரை வேகம் எறங்கற நேரம் போலிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். எறங்கும், அதுவும் உண்டு. போட்டு கொஞ்ச நேரம் கழிச்சு நல்லாப் பிடிக்கும், அடுத்த வேளை நெருங்கறப்ப விட்டுடும். சரின்னு, நல்லாப் பிடிச்சிருக்கற நேரமாப் பாத்து காபி கொண்டுபோய் முன்னாடி நின்னேன். வாங்கிக் குடிச்சாரு. தலை சீவிக்கிட்டுப் போய் நின்னேன். வெளிய கெளம்பறியான்னு கேட்டாரு. நாத்தனார் போன் பண்ணினா சத்தமா சிரிக்கறாரு, காய்கறிக்காரன்கிட்ட கிண்டல் பண்றாரு, பக்கத்து வீட்டு நாய்கிட்டகூடக் கொஞ்சறாரு. நான் உள்ள நொழைஞ்சா அதே பழைய மூஞ்சி. அந்த மாத்திரைக்கு எப்படிம்மா தெரியும், வந்தது பொண்டாட்டின்னு?

கடைசியில வெக்கத்தை விட்டு வாய்விட்டே கேட்டுட்டேன். எல்லாரையும் பாத்துச் சிரிக்கறீங்க, என்னைப் பாத்தா மட்டும் ஏங்க இப்படின்னு. அவருக்குக் கோபமே வரல. யோசிச்சுப் பாத்துட்டு, நான் உன்கிட்ட எப்பவும் இப்படித்தானே இருக்கேன்னாரு. அவ்வளவு தெளிவா வந்துச்சு குரல். நான் குடுத்த மாத்திரையோட வேலைதான அது.

வேற யாரும் இல்லம்மா, நீங்க நெனைக்கற மாதிரி ஒருத்தி இருந்தாக்கூட நான் அவளைத் திட்டிக்கிட்டாவது காலத்தை ஓட்டியிருப்பேன். என்னைப் பிடிக்கல, அவ்வளவுதான். நரம்பு மேல போட்ட அத்தனையையும் திரும்ப ஒண்ணொண்ணா எறக்கி நானே சொமக்க வேண்டியதாப் போச்சு. இதுல தெருவுல பாக்கறவங்க எல்லாம், உங்க வீட்டுக்காரர் ஆளே மாறிட்டாரே, எவ்வளவு கலகலப்பா இருக்காரு, குடுத்து வச்சவங்கங்கறாங்க. ஆமாங்கன்னு பல்லைக் காட்டணும். வியாதியா இருந்தப்ப அவரு யாரைப் பாத்தும் சிரிக்கல. எனக்கு ஒரு நியாயம் ஊருக்கு ஒரு நியாயம்னு இல்ல. அப்ப நான் நிம்மதியாத் தூங்கினேன்.

அதான், நீங்க கேட்டீங்களே, ஏன் மறுபடி வந்திருக்கீங்கன்னு. கொஞ்ச நாளா திரும்ப நடை தேயுது. கை ஆடுது. ரெண்டு தடவை குளியலறையில விழப் பாத்தாரு. மக பயந்துட்டா. டாக்டருக்கும் ஒண்ணும் புரியல, இவ்வளவு சீக்கிரம் மாத்திரை கேக்காமப் போகாதேங்கறாரு. அதான் நர்ஸை விட்டுக் கேக்கறாரு, ஒழுங்கா குடுக்கறாங்களான்னு. வேளை தவறாமத்தான் குடுக்கறேன், நான் பொய் சொல்லல. அந்த மாத்திரைக்கு நடுவுல ஒரு கோடு இருக்கும், லேசா அழுத்தினா ரெண்டா ஒடையும். மத்த பாதியெல்லாம் இந்தப் பையிலதான் இருக்கு.

ஏம்மா அப்படிப் பாக்கறீங்க? தெரியும், டாக்டர் அன்னிக்கே கண்டிச்சுத்தான் சொன்னாரு, நீங்களா ஒண்ணும் குறைக்கக் கூடாது, ஆளுக்கே ஆபத்தாயிடும்னு. வீட்டுக்குப் போய் முழுசாக் குடுக்கணும்னுதான் தெனமும் நெனைக்கறேன்.

சத்தம் கேக்குதா? செருப்பு தேயற சத்தம். அவருதான். கதவைத் திறந்துக்கிட்டு வர்றாரு. எனக்காக ஒண்ணு பண்ணுங்களேன், நிமிந்து அவரைப் பாத்துக் கொஞ்சம் சிரிங்க. பல்லு தெரிய வேணாம், லேசா சிரிச்சாப் போதும்.

பாத்தீங்களா? இப்ப உங்களையும் என்னைப் பாக்கற மாதிரிதான் பாக்கறாரு.