பின்னால் போன குதிரை

அந்தச் சதுரங்கப் பலகையை அவர் அறையிலிருந்து எடுத்தது நான்தான். தூசி படிகிறது என்று என் மனைவியிடம் சொன்னேன், அவள் நம்பிவிட்டாள். நீங்கள் நம்பவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர்கள் எதிராளி வாயையே பார்த்துப் பழகியவர்கள், பொய்யைக் கண்டுபிடித்துவிடுகிறீர்கள். "அவர் ஆசையா கையை நீட்டறது அது ஒண்ணுக்குத்தான் சார், அதைப் போய் ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. உட்காருங்கள். அவள் மருந்து வாங்கப் போயிருக்கிறாள், வர நேரமாகும்.

உள்ளே படுத்திருப்பவர் என் மனைவியின் அண்ணன் என்பது உங்களுக்குத் தெரியும். மெத்தைக்கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவன் தலையணை உறை வாங்க வந்தாலும் அவனை மெத்தையில் படுக்க வைத்து, முதுகுவலி கேட்டு, குடும்பக்கதை கேட்டு, பாதி விலைக்குக் கொடுத்தனுப்புவார். அவரைப் பிடிக்காதவர் யாரும் இல்லை. எல்லோருக்கும் பிடித்த மனிதரிடம் பெரிதாக ஒன்றும் இருக்காது என்பது என் அனுபவம்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. மாடியில், பிளாஸ்டிக் உறை போட்டு அடுக்கிய மெத்தைகளுக்கு நடுவே நாங்கள் நான்கு பேர் கூடுவோம். மச்சான், ஒரு பல் டாக்டர், ஒரு கணக்கு டீச்சர், நான். நான் கட்டட வரைபடம் வரைகிறவன், கோடு என்றால் கோடாக இருக்கவேண்டும் எனக்கு. மற்ற மூவரும் சதுரங்க ரசிகர்கள். ரசிகர் என்ற சொல்லை யோசித்தே சொல்கிறேன்.

நாங்கள் அலசியது பெரும்பாலும் ஒரே ஆட்டத்தைத்தான். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் ஒரு பெரிய போட்டியில் ஆடப்பட்டது, வெள்ளையை ஆடியவர் உலகச் சாம்பியன். வெள்ளை ஒரு யானையைச் சும்மா தூக்கிக் கொடுக்கும், கறுப்பு அதை வெட்டும், கொஞ்ச நேரத்தில் கறுப்புக்குப் போக்கிடம் இருக்காது, ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடும். ஆகா ஓகோ என்று எழுதாத புத்தகம் இல்லை. டாக்டர் அதை ஒவ்வொரு வாரமும் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்து, "இந்த எடத்துல ஒரு அழகு இருக்குங்க" என்பார். என்ன அழகு என்று கேட்டால் பல்லைக் காட்டுவார். டீச்சர் யானைக்கு ஐந்து, குதிரைக்கு மூன்று என்று மதிப்பெண் கூட்டிக் கழித்து, வெள்ளை தோற்றிருக்க வேண்டும் என்று வாரம் தவறாமல் நிரூபிப்பார். மச்சான் தோற்றவன் கட்சி. "பாவம்பா கறுப்பு. ஊட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லியிருப்பான்?" என்று உண்மையாகவே வருத்தப்படுவார்.

இவர்கள் நடுவில் உட்கார்ந்துதான் நான் அதைக் கண்டுபிடித்தேன். கறுப்பு விட்டுக்கொடுத்தது தப்பு. அந்த இடத்தில் ராணியை மூலைக்குக் கொண்டுபோயிருந்தால் தோற்றிருக்காது. இத்தனை புத்தகங்களும் கோட்டைவிட்டதை நான் கண்டேன். ஒரு சதுரங்கப் பத்திரிகை அரைப்பக்கம் போட்டது. மச்சான் அதைச் சட்டம் போட்டு, கடையில் விலைப்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க மாப்ள ஒலகச் சாம்பியனையே திருத்தினவரு, தெரியுமா?" என்பார். நான் திருத்தியது சாம்பியனை அல்ல, தோற்றவனை. அதுகூட அவர் மண்டையில் ஏறவில்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தைக் கழற்றச் சொல்லி நான் ஒருநாளும் சொன்னதில்லை.

கம்ப்யூட்டரைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுமே என்பீர்கள். அதற்குத்தான் ஒரு விதி வைத்திருந்தேன். போன்களைக் கீழே கல்லாவில் வைத்துவிட்டுத்தான் மேலே வரவேண்டும். யந்திரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அறிவல்ல. நான் இன்றுவரை கேட்டதில்லை.

இன்னொரு விதி இருந்தது. இந்த மூவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், சந்தைக்கடை தோற்றது. அதனால் உடைந்துபோன பழைய செட்டிலிருந்து ஒரு கறுப்பு ராஜாவை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தேன். யோசிக்க வேண்டுமென்றால் அந்த ராஜாவைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தவர் அதைத் திரும்ப மேசையில் வைக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது. முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். நன்றாகவே பழக்கியிருந்தேன் என்று பின்னால் தெரிந்தது.

அன்று மத்தியானம் என் ராணி மூலையில் நின்றது. டாக்டர் அழகைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தார். மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு, "மாப்ள, கோச்சுக்கக் கூடாது. எனக்கு ஒரு சின்ன சந்தேகம்" என்றார்.

"கேளுங்க மச்சான்."

"சந்தேகந்தான். தப்பாக்கூட இருக்கும்" என்று சொல்லிவிட்டு, வலது கையால் அந்த உதிரி ராஜாவை எடுத்துக்கொண்டார். இடது கையால் வெள்ளைக் குதிரையைத் தொட்டு, பின்னால் வைத்தார். வந்த வழியே, சண்டையைவிட்டு விலகி, ஒன்றும் செய்யாத ஒரு கட்டத்துக்கு.

நானே சிரித்திருப்பேன். அதற்குள் பார்த்துவிட்டேன். குதிரை அங்கே போனதும் என் ராணிக்கு வெளியே வர வழி இல்லை. மூலையில் கொண்டுபோய் நானே அதைப் பூட்டியிருக்கிறேன். எத்தனையோ வருஷமாக நான் முன்னால் போகிற நகர்வுகளை மட்டுமே பார்த்திருக்கிறேன். மெத்தை விற்கிறவர் பின்னால் பார்த்துவிட்டார், அதுவும் தோற்றவன்மேல் பரிதாபப்பட்டுக்கொண்டே. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

டாக்டரும் டீச்சரும் வாயில் ஈ போவது தெரியாமல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் எதுவும் புரியவில்லை. ராஜா மச்சான் கையில் இருக்கிறது, அவர் பேசினால்தான் புரியும். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனார். சிரிப்பு இடது பக்கம் மட்டும் வந்தது.

வலது பக்க உதடு தொங்கியது. வலது கை மேசையிலிருந்து மெல்ல வழுக்கி மடிக்குப் போனது. விரல்கள் விட்டுவிட, ராஜா கீழே விழுந்தது. தரையில் மாதிரிக்கு ஒரு மெத்தை விரித்திருந்தார், சத்தமே வரவில்லை. உருண்டு என் கால் பக்கம் வந்தது. நான் அதன்மேல் பாதத்தை வைத்துக்கொண்டேன்.

ராஜா மேசைக்குத் திரும்பவில்லை. ஆகவே விதிப்படி மௌனம் தொடர்ந்தது. நான் விதியை மீறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் பேச முயன்றார். ஒரு சின்ன முனகல் வந்தது, யோசிக்கிறவர்கள் முனகுவதுண்டு. டாக்டருக்கு வாய்தான் தொழில். கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு வாய் கோணிக்கொண்டிருந்தது, அவர் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் மட்டும் ஒருமுறை நிமிர்ந்து மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "அவரு வாயி…" என்று ஆரம்பித்தார். நான் விரலை உதட்டில் வைத்தேன். பிறகு ராஜா இருக்கவேண்டிய வெற்றிடத்தைக் காட்டினேன். மன்னிப்புக் கேட்பதுபோல் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். படித்தவர், வகுப்பறையையே ஆட்டிப்படைக்கிறவர். அன்று அவரை நான் மதித்திருக்கக்கூடும், இன்னொரு வார்த்தை பேசியிருந்தால்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சன்னல் வெயில் மேசைக்கு வந்து, பலகையைத் தாண்டி, சுவருக்குப் போயிருந்தது. நான் அந்த நேரம் முழுவதும் குதிரைக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்திருந்தால் அப்போதே எல்லோரையும் பேசவிட்டிருப்பேன். கடைசியில் மௌனத்தைக் கலைத்தது மச்சான்தான். பக்கவாட்டில் சரிந்து மெத்தைமேல் விழுந்தார். அப்போதும் டாக்டர் என்னைத்தான் பார்த்தார், பேசலாமா என்று.

"போனை எடுங்க" என்றேன். டாக்டர் கீழே ஓடினார். டீச்சர் தண்ணீருக்கு ஓடினார். நானும் மச்சானும் மட்டும் இருந்தோம். அவர் கண் திறந்திருந்தது. நான் குதிரையை எடுத்துப் பழைய கட்டத்தில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். அதன்பிறகுதான் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

முன்பே கொண்டுவந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டாக்டரும் டீச்சரும் அழுதார்கள். யோசிக்கிறார் என்று நினைத்துவிட்டோமே என்று என் மனைவி காலில் விழாத குறை. அவளும் அவர்களை மன்னித்துவிட்டாள். அந்தக் குதிரையைப் பற்றி இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண்ணெதிரே வைத்த நகர்வு, ஞாபகத்திலேயே இல்லை. ரசிகர்கள்.

அவரை இங்கே அழைத்துவந்து வைத்துக்கொண்டதும் நான்தான். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாவற்றிலும் அவளுக்குக் கூடமாட உதவுகிறேன். பொழுதுபோகட்டும் என்று அவள் பலகையைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தாள். முதல் நாள் சும்மா தடவிக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் ஒவ்வொரு காயாக வைக்க ஆரம்பித்தார். "என்னங்க, வந்து பாருங்களேன். அண்ணன் எவ்ளோ அழகா அடுக்குது" என்று அவள் கூப்பிட்டாள், கண்ணில் தண்ணீர். போய்ப் பார்த்தேன். அதே ஆட்டம். என் ராணி மூலையில். நான் வந்து நிற்கும்வரை காத்திருந்து, குதிரையைப் பின்னால் வைத்தார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தாலாவது தேவலை. சந்தேகம் கேட்கிறவர்போல் பார்த்தார், கோச்சுக்கக் கூடாது என்பதுபோல்.

நான் திருப்பி வைப்பேன். அவள் அந்தப் பக்கம் போனதும் மறுபடி வைப்பார். அப்படியே ஒரு மாதம் போயிற்று. போன வாரம் நீங்கள் அவர் தொண்டையில் கை வைத்துப் பயிற்சி கொடுத்தபோது 'கு' என்று ஓர் ஒலி வந்தது. "குளிருதாண்ணே?" என்று அவள் போர்த்திவிட்டாள். நல்ல முன்னேற்றம் என்று நீங்களும் சொன்னீர்கள். அன்று சாயங்காலம்தான் பலகையை எடுத்தேன்.

என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பேசவேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். அந்தக் குதிரைக்கு நிச்சயம் ஒரு பதில் இருக்கிறது, தினமும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். கிடைத்ததும் பலகையை நானே கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைக்கிறேன். அதுவரை பயிற்சிக்கு நீங்கள் வரவேண்டாம்.