குளித்த கட்டைகள்

ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் நாள், சாலவாக்கம் பேருந்தில் எனக்கு முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "கட்டைங்க எல்லாத்தையும் குளிப்பாட்டி வுட்டேன்கா."

"எந்தக் கட்டை?"

"ஏரியாண்ட, நான் பெருக்குற அந்தக் காலத்து மரவூடு கீதில்ல. உளுத்துப் போவுதுன்னு பிரிச்சாங்க. சரிபண்ணி திரும்ப அப்படியே அடுக்கணும்னு இஞ்சினீயரு கட்டைக்குக் கட்டை சாக்பீஸ்ல நம்பர் போட்டு வெச்சிருந்தாரு. பூஜையாச்சேன்னு நான் தேச்சுக் கழுவி பொட்டு வெச்சேன்."

"நம்பரு?"

"சுத்தமா போயிடுச்சு."

இருவரும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"அவரு திட்டலையா?"

"இல்லக்கா. ஒரு கட்டை மேல அப்படியே குந்திட்டாரு. பொரி குடுத்தேன், துன்னாரு."

"எந்தக் கட்டை மேல?"

"அதத்தான்கா அவரும் கேட்டுக்கினு கீறாரு."