பவளத்தைக் கொத்துகிற மீன்

உப்புத் தண்ணீரை வீட்டுக்குள் வைத்துக் கெடாமல் பார்த்துக்கொள்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை, இன்ஸ்பெக்டர். பொறுமை இருந்தால் போதும். மலாக்காவில் அதுதான் யாரிடமும் கிடையாது. காஜா பேராங்கில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிற கண்ணாடித் தொட்டியைப் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த மீன திங்கலாமா?" ஊருக்கு அவ்வளவுதான் அறிவு.

தொட்டி எங்கள் ஆபீஸ் துரை விட்டுப்போனது. நான் மராமத்து இலாகாவில் கணக்கு எழுதுகிற கிராணி என்பது உங்களுக்குத் தெரியும். மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமான அடுத்த மாதம் துரை கப்பலேறினார். அவருடைய நாற்காலிக்கும் கிராமபோனுக்கும் சக கிராணிகள் அடித்துக்கொண்டார்கள். சீந்துவாரில்லாமல் கிடந்த தொட்டியை நான் மாட்டுவண்டியில் ஏற்றி வந்தேன். துரை அதில் குளத்து மீன் வளர்த்தார். நான் கடலையே கொண்டுவந்து வைத்தேன். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கிளேபாங்கில் தோணி பிடித்து எதிரே இருக்கிற சின்னத் தீவுக்குப் போவேன். தகர டின்களில் தண்ணீரும், உயிரோடு பவளமும் எடுத்து வருவேன். மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல்லை நினைக்காதீர்கள். இது கல்லின் மேல் பூப்பூவாக விரிந்து நிற்கும். விரல் பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதை இந்த ஊரில் வீட்டுக்குள் வாழவைத்தவன் நான் ஒருவன்தான்.

பவளத்துக்கு எதிரி அழுக்கில்லை, வெயிலுமில்லை. கொத்துகிற மீன். மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட ஒன்றை வாங்கி விட்டிருந்தேன். பார்க்க நல்ல லட்சணம். முதல் வாரம் பரம சாது. அப்புறம் பவளத்தின் பக்கத்தில் போய் நின்று, வாயைக் குவித்து ஒரு கொத்து. நகர்ந்துவிடும். திரும்பி வந்து இன்னொன்று. காயம் வெளியே தெரியாது. பத்தே நாளில் பவளம் விரிவதை நிறுத்திவிட்டது.

மீனுக்கு வயிறு நிறையத் தீனி போட்டால் கொத்தாது என்று ஆபீஸில் ஒரு மேதாவி சொன்னான். ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பது அவன் பாட்டனுக்குத் தெரிந்திருக்கும், இவனுக்குத் தெரியவில்லை. வலையை விட்டுத் துரத்துவது அதைவிட மடத்தனம். மீன் இடுக்கில் புகுந்துகொள்ளும், பவளம்தான் நொறுங்கும். இரண்டு நாள் பட்டினி போட வேண்டும். பிறகு அகல வாய்ப் போத்தல் ஒன்றில் மட்டிச் சதை வைத்து இறக்க வேண்டும். மீன் தன் விருப்பத்தோடு உள்ளே போகும். நாம் கையால் வாயை மூடினால் சரி.

அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனபோது என் தங்கை கோகிலா கூடவே வந்தாள்.

"அண்ணே, கடல்ல கொண்டு விட்ரலாம்ணே. பாவம்ணே."

"இன்னொருத்தன் பவளத்தைக் கொத்தறதுக்கா?" என்று கேட்டேன்.

சாக்கடை ஓரத்துச் சிமெண்டில் கவிழ்த்தேன். அவள் அழுதாள். அவளுக்கு எப்போதும் தப்பான இடத்தில்தான் இரக்கம் பிறக்கும்.

கோகிலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாம் ரயில் போட இழுத்துப்போனார்கள், அவர் திரும்பவில்லை. அம்மா காய்ச்சலில் போனாள். அப்போது அவளுக்குப் பத்து வயது, எனக்கு இருபத்தைந்து. அன்றிலிருந்து அவளை நான்தான் வளர்த்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்ன படிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எந்தப் புடவை கட்ட வேண்டும், யார் வீட்டு விசேஷத்துக்குப் போகலாம் என்பதெல்லாம் நான்தான் பார்த்தேன். ஒரு குறை வைத்ததில்லை. அவள் சமைப்பாள், துவைப்பாள், தீவுக்குப் போய்வந்தால் என் ரப்பர் பூட்ஸைக் கழுவிக் காயவைப்பாள். வீடு அமைதியாக இருந்தது.

புக்கிட் ரம்பாயிலிருந்து பூங்காவனம் என்று ஒரு தரகுக்காரி அந்த அமைதிக்குள் மூக்கை நுழைத்தாள். வாயில் வெற்றிலை, கையில் நாலு ஜாதகம். முதலில் ஒரு பஸ் கண்டக்டர். இரண்டாவது ஒருத்தன் ரப்பர் கிடங்கில் எடை போடுகிறவன். இருவரையும் அனுப்பிவைக்க ஆளுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போதுமாயிருந்தது. பெண்ணுக்குக் காக்காவலிப்பு என்று இடது கையால் எழுதினேன். அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. அவ்வளவு காதல். கோகிலா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் மைலோ கலக்கிக் கொடுத்தேன், குடித்தாள்.

மூன்றாவதாக வந்தவன் சேதுபதி. ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறவன். கல்வி ஆறாம் வகுப்பு, தலையில் எண்ணெய் ஆறு அவுன்ஸ். அவனுக்கும் கடுதாசி போட்டேன். மடையன் அதை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கே வந்தான்.

"யாரோ வேணாத வேல பண்றாங்கண்ணே," என்றான். "வலிப்பு இருந்தாத்தான் என்னண்ணே? நான் பாத்துக்க மாட்டேனா? நீங்க கவலப்படாதீங்க."

கோகிலா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். மறுநாளிலிருந்து தலையில் பூ வைத்துக்கொண்டாள். அடுப்படியில் முணுமுணுப்பாகப் பாட்டு வேறு. நான் உள்ளே போனால் பாட்டு நின்றுவிடும். அவன் செய்த வேலை எத்தனை ஆழமாகப் போயிருந்தது என்று அதிலிருந்தே தெரிந்தது.

ஞாயிறுதோறும் வந்தான். வந்து தொட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டு கண்ணாடியில் விரலால் தட்டுவான். தட்டக் கூடாது என்று மூன்று முறை சொன்னேன். "சரிண்ணே, சாரிண்ணே" என்பான், மறுபடி தட்டுவான். ஒரு நாள் கோகிலாவையும் கூப்பிட்டு, "இங்க பாருங்க, இது உங்களமாதிரியே வெக்கப்படுது" என்றான். பதினெட்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. தைமாதம் முகூர்த்தம் என்று பூங்காவனம் நாள் குறித்துவிட்டாள். கல்யாணம் ஆனதும் மூவாருக்குக் குடிபோவதாகப் பேச்சு.

அவனிடம் ஒரு குணம் இருந்தது. அளவு கடந்த பக்தி. பத்து வீடு தள்ளி ஒரு சாமி படம் தெரிந்தால் அங்கேயே செருப்பைக் கழற்றுகிற ஜாதி. ஜாலான் துக்காங் எமாஸில் பொய்யாத விநாயகர் கோயிலுக்குப் போனால் தெரு முனையிலேயே கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வான். பள்ளிவாசலைத் தாண்டி வெறுங்காலோடுதான் நடப்பான். "அதுவும் சாமி வீடுதானேண்ணே" என்பான். வெயிலில் தார் உருகினாலும் அப்படித்தான்.

நான் போகிற தீவில் ஒரு கிராமாட் இருக்கிறது. பழைய மலாய்ப் பெரியவர் ஒருவரின் சமாதி, அவரை டத்தோ என்பார்கள். மஞ்சள் துணி போர்த்தியிருக்கும். நம்மவர்களும் போய்க் கும்பிடுவார்கள், பன்றிக் கறி தின்றுவிட்டுப் போக மாட்டார்கள். சமாதியின் படியில் செருப்பைக் கழற்றுவது வழக்கம். படியில் மட்டும்தான். கடற்கரையில் யாரும் கழற்றுவதில்லை. கழற்றவும் கூடாது. அங்கே பாறைகளுக்கு நடுவே லெப்பு கிடக்கும். மீன்தான், ஆனால் பாசி படிந்த கல்லைப்போல அசையாமல் கிடக்கும். முதுகு முள்ளில் விஷம். ஒரே இடத்தில் வாரக்கணக்காகக் கிடக்கும் என்பதால் அதைக் கண்டுவைப்பது சுலபம். நான் கண்டுவைத்திருந்தது கறுப்புப் பாறைக்கு இடப்பக்கம், முழங்கால் தண்ணீரில். மூன்று முறை மூங்கில் கழியால் தொட்டுப் பார்த்தேன். இடம் மாறவில்லை.

"கோகிலாவுக்குச் சிவப்புப் பவளம் பிடிக்கும், நீயே உன் கையால் எடுத்துக் கொடேன்" என்றேன். மீன் போத்தலுக்குள் நுழைவதைப்போல வந்தான். புதுச் சட்டை வேறு போட்டுக்கொண்டு வந்தான். தோணிக்காரர் மணல்திட்டில் எங்களை இறக்கிவிட்டுத் தூண்டில் போட அந்தப் பக்கம் போய்விட்டார். காலை பத்து மணி, நல்ல வெளிச்சம். மறைத்துச் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

நான் சொன்னது ஒரே வார்த்தை. "டத்தோ இருக்கிற இடம், தண்ணிக்குள்ளயும் செருப்பு ஆகாது."

"அய்யோ, முன்னாடியே சொல்லக் கூடாதாண்ணே," என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். கான்வாஸ் சப்பாத்தைக் கழற்றினான். சமாதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு இறங்கினான். கறுப்புப் பாறைக்கு இடப்பக்கம் சிவப்பாகத் தெரிகிறது பார் என்று கையைக் காட்டினேன். நான் அவனைத் தொடவேயில்லை.

அந்த மாதிரிச் சத்தத்தை ஒரு மனிதன் போடுவான் என்று எனக்குத் தெரியாது. மணலுக்கு இழுத்து வந்தேன். காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். "அண்ணே, ஆஸ்பத்திரிண்ணே, தோணியக் கூப்பிடுங்கண்ணே" என்றான். கூப்பிடலாம், கைதட்டினால் தோணிக்காரருக்குக் கேட்டிருக்கும். ஆனால் நான் அதற்குள் மூன்று பவளம் எடுத்துக் கரையில் வைத்திருந்தேன். வெயிலில் பத்து நிமிஷம் இருந்தால் செத்துப்போகும். அவற்றை ஒவ்வொன்றாக அலசி, டின்னில் இறக்கி, மேலே ஈரச்சாக்கு போட்டு மூடினேன். பிறகு தண்ணீர் மொண்டு மற்ற டின்களை நிரப்பினேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கைதட்டியபோது அவன் பேச்சு நின்றிருந்தது. கரை சேருவதற்குள் மூச்சும் நின்றது. மூன்று பவளமும் பிழைத்துக்கொண்டன.

மரண விசாரணையில் நீங்கள்தான் கேட்டீர்கள், "நீங்களும் வெறுங்காலோடு இறங்கினீர்களா?" என்று. ஆமாம், இருவரும் மரியாதைக்காகக் கழற்றினோம், அவன் விதி என்றேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதோடு முடிந்திருக்கும்.

தப்பு பூட்ஸில் வந்தது. அவன் முதுகைக் காட்டி இறங்கிய பிறகுதான் அதைச் சாக்கிலிருந்து எடுத்து மாட்டினேன், தோணி வருமுன் கழற்றித் திரும்பச் சாக்கில் போட்டேன். தீவுக்குப் போய்வந்தால் பூட்ஸைப் பின்வாசலில் வைப்பேன், கோகிலா கழுவுவாள். நாலு வருஷப் பழக்கம். அன்றைக்கும் வைத்துவிட்டேன். வீட்டில் ஒப்பாரி, வந்தவர் போனவர். அந்தக் கூட்டத்திலும் அவள் அதைக் கழுவியிருக்கிறாள். உள்ளே மணல், ஈரம், கடல் பாசி. வெறுங்காலோடு இறங்கியவன் பூட்ஸில் பாசி ஏது என்று யோசித்திருக்கிறாள். அவளுக்கு யோசிக்க வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. புடவையை மடித்து எடுத்துக்கொண்டு புக்கிட் ரம்பாயில் பூங்காவனம் வீட்டுக்குப் போய்விட்டாள். பூட்ஸையும் கொண்டுபோயிருக்கிறாள்.

ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். அவன் நல்லவனா என்று கேட்டால், நல்லவனாகத்தான் இருந்தான். அந்த மஞ்சள் மீனும் கெட்ட மீன் இல்லை.

புகாரை அவளே எழுதினாள் என்கிறீர்கள். கொடுங்கள், பார்க்கிறேன். இது கோகிலாவின் கையெழுத்தா? இருக்கலாம். நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத் தாளிலிருந்து எல்லாவற்றிலும் அவளுக்காக நான்தான் போட்டேன், அவள் போட வேண்டிய அவசியமே வந்ததில்லை. கடைசி எழுத்தில் பேனா நடுங்கியிருக்கிறது பாருங்கள், இன்ஸ்பெக்டர். நான் பக்கத்தில் இல்லையென்றால் அவளுக்கு ஒன்றும் சரியாக வராது.