மணல்மேட்டு ஓக் காட்டுக்குத் தீ வைத்தவருக்கு

தீ வைத்தால் மரம் வாழாது என்றவர்கள் முன் மரத்தை வாழவைத்துக் காட்டிய மதிப்புக்குரியவரே, காற்றுப் பார்த்துத் தீயையும் ஆள் பார்த்துக் கோபத்தையும் மூட்டத் தெரிந்தவரே, ஹால்சி மேட்டுக் காப்புக்காட்டின் தீப்பொறுப்பாளர் அம்மையார் வெர்னா கிரான்மர் அவர்களே, வணக்கம்.

கடல் விட்டுப்போன மணலில், மழைநீர் நில்லாத மேட்டில், வெள்ளை ஓக்கும் கருப்பு ஓக்கும் செவ்வோக்கும் கலந்து நிற்க, நடுநடுவே பைன் தலைகாட்ட, முழங்காலளவுக்கு ஹக்கிள்பெர்ரி, புளூபெர்ரிப் புதர்கள் அடர்ந்திருக்க, இப்படியொரு காட்டை ஓய்வுபெறும் தாங்கள் எங்களிடம் விட்டுச் செல்கிறீர்கள். தாங்கள் பொறுப்பேற்றபோது இது இப்படி இல்லை. நெடுங்காலம் நெருப்பே காணாததால் பள்ளத்து மேப்பிள் மரம் மேடேறி வந்து நிழல் விரித்திருந்தது. அந்த நிழலில் ஒரு ஓக் கன்றும் தலையெடுக்கவில்லை. பார்த்தவர்கள் பச்சைப்பசேல் என்று மகிழ்ந்தார்கள். கிழட்டு ஓக் ஒன்று சாய்ந்தால் அதன் இடத்துக்கு வர வாரிசு இல்லை என்பதைத் தாங்கள்தான் கண்டீர்கள்.

ஆகவே மேப்பிளை விரட்ட, குளிர்காலக் கடைசியில் காட்டுத் தரையைக் கொளுத்தத் தொடங்கினீர்கள். ஓக் சருகு சுருண்டு கிடப்பதால் காற்றுப் புகுந்து எரியும்; மேப்பிள் சருகு தரையோடு ஒட்டிக்கொண்டு ஈரத்தை விடாது. ஒரு சருகைக் காதோரம் நொறுக்கிக் கேட்பீர்கள். சத்தம் பிடிக்காவிட்டால் தண்ணீர் வண்டியையும் ஆட்களையும் அப்படியே திருப்பிவிடுவீர்கள். விறைத்த கையில் காபியோடு நின்ற நாங்கள் முனகினால், "முனகினா காஞ்சிடுமா? நாளைக்கு வாங்க" என்பீர்கள். புகை வருகிறது என்று தொலைபேசியில் கத்தியவர்களுக்கும் தங்களிடம் ஒரே பதில்தான்: "சன்னலச் சாத்திக்குங்க. மே மாசம் வந்து பாருங்க."

கொளுத்துவதை நிறுத்த வேண்டும் என்று ஊர்க்கூட்டம் கூடிய நாளை இந்த அவை மறக்காது. காட்டை ஒட்டிக் குடியிருக்கும் ஹாலிஸ் லீக், கருகிய ஓக் கன்றுகளைக் கட்டாகக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார்.

"ஏம்மா, இதுதான் நீங்க காப்பாத்துற லட்சணமா? அடுப்புக்குக்கூட ஆகாது."

"வேரோட கொண்டுவந்திருக்கலாமே, லீக் சார்."

"இழுத்துப் பாத்தேன், வரல. மண்வெட்டி போட்டும் வரல. அறுத்துத்தான் எடுத்தேன்."

"பக்கத்துல கருகிக்கிடந்த மேப்பிள் கன்னு?"

"அது கையோட வந்துடுச்சு."

"அதுக்குத்தான் கொளுத்துறேன்."

சிரிப்பு எழுந்தது, தீர்ப்பு எழவில்லை. மே மாதம் வரை பொறுப்பதாக மட்டும் சொன்னார்கள். வசந்தம் வந்த மே மாதத்தில் அதே லீக், தாம் அறுத்த கரிய கட்டைகளின் அருகே மண்டியிட்டு, இளஞ்சிவப்புத் தளிர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "அறுத்த எடத்துலயும் வந்திருக்கேம்மா" என்றார். தாங்கள் அவரைக் குத்திக்காட்டவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு இன்றாவது நன்றி சொல்கிறோம்.

உரிமம் பெற்றவர் இல்லாமல் இக்காட்டில் ஒரு தீக்குச்சியும் உரசக்கூடாது; அப்படி உரிமம் பெற்றிருந்தவர் தாங்கள் ஒருவரே. தாங்கள் ஓய்வு பெற்றதும் கொளுத்துவதைக் கைவிடலாம் என்று மேலிடம் முடிவு கட்டிவைத்திருந்தது. அதனால்தான் முழங்கால் வலியோடு மணலில் காலை இழுத்து நடந்து, ஓய்வைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தீர்கள். அதைப் பார்த்தும் முன்வரத் துணியாத எங்கள்மேல் எங்களுக்கே எரிச்சல். கடைசியில், தண்ணீர் வண்டியை ஓட்டியே தலை நரைத்த கர்டிஸ் எஸ்ட்லோ, தேர்வென்றாலே ஓடி ஒளியும் கர்டிஸ், உட்கார்ந்து படித்து உரிமம் வாங்கினார். சென்ற மாதம் மேற்குப் பகுதிக்கு அவரே தீ வைத்தார். தாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். அது தங்களுக்கு எத்தனை கடினம் என்று எங்களுக்குத் தெரியும்.

"ஓரத்துல கொஞ்சம் விட்டுட்ட, கர்டிஸ்."

"தெரியும்மா. திரும்பி வரேன்."

அன்று மாலையே ஓய்வு விண்ணப்பத்தைக் கொடுத்தீர்கள். எங்களுக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைவிடப் பெரியது வேறில்லை.

அம்மையீர், தங்கள் முழங்கால் ஆறட்டும், மூச்சு சீராகட்டும், இன்று முளைத்திருக்கும் கன்று நிழல் தரும் நாள்வரை தாங்கள் நலமோடு வாழ்ந்து, அந்த நிழலிலும் எங்களிடம் குறை கண்டுபிடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை வடமேற்குக் காற்று என்கிறார்கள். கர்டிஸ் சருகை நொறுக்கிக் கேட்பார்; சத்தம் பிடித்தால் கிழக்குப் பகுதியைக் கொளுத்துவோம். தாங்கள் வர வேண்டாம். தங்கள் வீடு காட்டுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. புகை வந்தால் சன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். மே மாதம் வந்து பாருங்கள்.

தங்கள் தீயை ஏற்றுக்கொண்ட,
ஹால்சி மேட்டுக் காப்புக்காட்டு ஊழியர்கள்

இம்மடலைக் கேட்டு வாங்கித் தாமும் கையெழுத்திட்டவர்: ஹாலிஸ் லீக்